லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு எப்படிப் போவது: வழிகாட்டியுடன் மணல் நடையா, தனி நடையா, தரைப்பாலமா?

கோடை நெருங்கும்போதெல்லாம் இங்கிலாந்தில் வாழும் வாசகர்கள் சிலர் ஒரே ஐயத்தோடு எழுதுகிறார்கள். நார்தம்பர்லாந்துக் கரையையொட்டி இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு, கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மணலின் மேல் நடந்தே போகலாம் என்று அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு வழிகாட்டியைப் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ள வேண்டுமா, வழிநெடுக நட்டிருக்கும் கம்பங்களைப் பார்த்துத் தாங்களே போய்விடலாமா, அல்லது பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு சாலை வழியாகப் போவதுதான் சரியா என்பதில் அவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இணையத்தில் தேடினால் கடலில் பாதி மூழ்கிய கார்களின் படங்கள் கண்ணில் படுகின்றன. குழப்பம் இன்னும் கூடுகிறது.

இந்த வழிகள் எல்லாமே நல்ல வழிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளுக்கும் வெவ்வேறு நாளுக்கும் உரியது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பணத்தைவிடக் கடலின் நேரமே அதிகம் தீர்மானிக்கிறது என்பதால், ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

## தீவைப் பற்றிச் சுருக்கமாக

ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து வந்த எய்டன் என்ற துறவிக்கு நார்தம்பிரியாவின் அரசர் ஆஸ்வால்ட் இந்த இடத்தைக் கொடுக்க, 635ஆம் ஆண்டில் இங்கே மடம் எழுந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆயராக இருந்த கத்பர்ட் 687இல் மறைந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டதும், தீவு யாத்திரைத் தலமாயிற்று. 793 ஜூன் 8 அன்று வைக்கிங்குகள் கடல்வழியே வந்து மடத்தைச் சூறையாடினார்கள்; 875இல் துறவிகள் கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். இன்று நாம் பார்க்கும் செந்நிறக் கல் இடிபாடுகள் 12ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்ட மடத்தினுடையவை. பாறைக் குன்றின் மேல் நிற்கும் கோட்டை 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வின் லுட்யென்ஸ் அதை வீடாக மாற்றியமைத்தார். புது தில்லியைத் திட்டமிட்ட அதே லுட்யென்ஸ்தான்.

ஏறத்தாழ நூற்றைம்பது பேர் வாழும் ஊர் இது. 1954இல், கடல் பெருகும்போது மூழ்கிவிடும் சாலையான தரைப்பாலம் அமையும் வரை, தீவுக்கு வருபவர்கள் மணலைக் கடந்தோ படகிலோதான் வந்தார்கள். நாளுக்கு இருமுறை கடல் சூழ்ந்து தீவாவதையும் இருமுறை கரையோடு சேர்வதையும் 8ஆம் நூற்றாண்டிலேயே பீட் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புகழ்பெற்ற லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டைப் பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், இந்தப் பயணமே தேவையில்லை. அந்த ஏடு இலண்டனில் பிரித்தானிய நூலகத்தின் உடைமையாக இருக்கிறது. கத்பர்ட்டின் கல்லறையும் இப்போது டரம் பேராலயத்தில்தான் உள்ளது.

## எவற்றை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் கடல் தரும் நேரம். பொதுவாக, கடல் முழுதாகப் பெருகி ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்தபின் தரைப்பாலம் திறக்கிறது. அடுத்த பெருக்குக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு மூடிக்கொள்கிறது. ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 12 மணி 25 நிமிடம் என்று கொண்டால், ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் திறந்திருக்கும்; ஐந்து மணி நேரம் நீருக்கடியில் கிடக்கும். இந்தக் கணக்கு நாளுக்கு நாள் நகரும். புயல் அடித்தால் மூடியிருக்கும் நேரம் நீளும். ஆகவே நார்தம்பர்லாந்து மாவட்ட மன்றம் வெளியிடும் பாதுகாப்பான கடப்பு நேர அட்டவணையே இறுதிச் சொல்.

நடப்பவர்கள் இங்கேதான் பிழை செய்கிறார்கள். அந்த அட்டவணை வண்டிகளுக்கானது. மணல் பாதை சாலையைவிடத் தாழ்வாக, ஓடைகளின் குறுக்கே செல்கிறது. வண்டி சில நிமிடங்களில் கடக்கும் தொலைவுக்கு நடப்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே நடப்பவர்கள் கடல் வற்றிக்கொண்டிருக்கும் பாதியில் மட்டுமே நடக்க வேண்டும்; அட்டவணை காட்டும் நேரத்தின் நடுப்புள்ளி வருவதற்குள் தீவின் கரையை மிதித்திருக்க வேண்டும். அதாவது, வண்டிக்கு ஏழு மணி நேரம் இருக்கும் அதே நாளில் காலுக்குக் கிடைப்பது மூன்றரை மணி நேரம்தான். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே தெளிவாகும்.

இரண்டாவது அளவுகோல், பிழை நேர்ந்தால் விலை என்ன என்பது. காரில் பிழை செய்தால் பெரும்பாலும் கார் போகும். மணலில், நம்மைத் தவிர இழப்பதற்கு வேறொன்றும் இல்லை. மூன்றாவது, உடலும் காலும் தாங்குமா என்பது. நான்காவது, தீவில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பது. போய்ச் சேர்வதற்கே நாள் முழுதும் செலவழித்துவிட்டு மடத்தின் வாயிலில் பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. ஐந்தாவது, கட்டணப் பலகையில் எழுதியிராத செலவுகள்.

## நாள் பார்ப்பது எப்படி?

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி இந்த இடத்தில் உண்மையிலேயே பயன்படும். ஓதம், அதாவது கடல் பெருகுவதும் வற்றுவதும், நிலவைப் பின்தொடர்வதால், ஒரு குறிப்பிட்ட கரையில் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி வரும் பெருக்கு எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். லிண்டிஸ்ஃபார்னை ஒட்டிய கரையில், கோடைகாலக் கடிகாரப்படி, அது பின்னிரவு மூன்று நான்கு மணிக்கும் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கும் அமைகிறது. அப்படியானால் கடல் மிகவும் வற்றியிருப்பது காலை ஒன்பதரை, பத்து மணி வாக்கில். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இது தலைகீழாகும்: காலையில் கடல் பெருகியிருக்கும், வற்றுவது பிற்பகல் மூன்று மணிக்கு மேல். இடையில் பஞ்சமி, சஷ்டி வாக்கில் நண்பகலிலும் அதற்குச் சற்றுப் பின்னரும் வற்றம் அமையும்.

இதிலிருந்து பயணத்தின் வடிவமே தெரிந்துவிடுகிறது. அமாவாசையையோ பௌர்ணமியையோ அடுத்த நாள்களில் காலை ஏழரை மணிக்கு மணலில் இறங்கினால் பத்து மணிக்குள் தீவில் இருக்கலாம். மடத்தையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, ஒன்றரை மணிக்குள் சாலை வழியாகக் கரைக்குத் திரும்பிவிடலாம். அந்த நாள்களில் கடல் அதிகம் வற்றுவதால் ஓடைகளில் நீரும் குறைவாக இருக்கும். ஆனால் அதே அளவு வேகமாகப் பெருகவும் செய்யும் என்பதால், தாமதத்துக்கு மன்னிப்பில்லை. அஷ்டமி நாள்களில் சாலை சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஆனால் நடந்து போய்ச் சேரும்போது பிற்பகல் முடியும் தறுவாயில் இருக்கும் என்பதால், இரவு தங்கினால் ஒழிய உள்ளே எதையும் பார்க்க முடியாது. நாள்காட்டி முதல் சல்லடை மட்டுமே. நாளைக் குறித்த பிறகு அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | கையில் இருக்கும் நேரம் | உடல் உழைப்பு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வழிகாட்டியுடன் மணல் நடை | வழிகாட்டி குறித்த நேரம் மட்டும் | ஏறத்தாழ 5 கி.மீ., சேறும் நீரும் | திரும்பி வரும் வண்டி, நிலையற்ற தேதி | முதன்முறை நடப்பவர்கள் |
| தனியாக மணல் நடை | வற்றும் பாதி மட்டும் | அதே தொலைவு, கூடுதல் கவனம் | முடிவெடுக்கும் பொறுப்பு முழுதும் நமது | கடற்கரை நடையில் பழகியவர்கள் |
| சொந்தக் கார் | திறந்திருக்கும் நேரம் முழுதும் | இல்லை | நெரிசல், நிறுத்தக் கட்டணம், உப்புநீர் அபாயம் | முதியோர், கைக்குழந்தை உள்ளோர் |
| பேருந்து | அன்றைய சேவை நேரம் | இல்லை | சேவை இல்லாத நாள்கள் | கார் இல்லாதோர், நடந்து போய்த் திரும்புவோர் |

## வழிகாட்டியுடன் மணல் நடை

யாத்திரிகர் பாதை என்று பெயர் பெற்ற இந்த வழி, பீல் என்ற சிற்றூருக்கு அருகே கரையிலிருந்து புறப்படுகிறது. தார்ச்சாலை வடக்குப் பக்கமாக வளைந்து மணல்மேடுகளை ஒட்டிச் செல்ல, நடைபாதை விரிந்த மணல்வெளியின் குறுக்கே நேராகத் தீவின் ஊரை நோக்கிப் போகிறது. உயரமான மரக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊர்க் கொல்லைகளில் காவலுக்குக் கட்டும் பரணைப் போல, கால்களின் மேல் நிற்கும் அடைக்கலக் கூண்டுகளும் வழியில் உண்டு. நீர் சூழ்ந்துவிட்டால் ஏறி உட்கார்ந்து அடுத்த வற்றம் வரை காத்திருப்பதற்கானவை அவை. அவற்றில் ஏறி நிழற்படம் எடுத்துக்கொள்ளும் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்துக்காகச் செலவாகும் கால் மணி நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வழியைக் காட்டுவதற்கான கூலி என்று பலர் நினைக்கிறார்கள். கம்பங்களே வழியைக் காட்டும்போது கூலி எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். உண்மையில் நாம் வாங்குவது நேரத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பை. வடகடலிலிருந்து வீசும் காற்று நீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தால் ஓடைகள் வற்றுவதற்கு அட்டவணை சொல்வதைவிடக் கூடுதல் நேரமாகும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் சவுத் லோ என்ற ஓடையில் நீர் மிகுந்திருக்கும். தீவை நெருங்கும் கடைசிப் பகுதியில் சேறு எங்கே இறுகியிருக்கிறது, எங்கே முழங்கால் வரை இழுக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். இவற்றையெல்லாம் பார்த்து "இன்னும் இருபது நிமிடம் பொறுப்போம்" என்றோ "இன்று வேண்டாம்" என்றோ சொல்லக்கூடியவர், அந்த மணலை நாள்தோறும் பார்ப்பவர் மட்டும்தான். நான் ஒரு குழுவோடு நடந்தபோது, கரையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பொறுமையிழந்து நிற்க, வழிகாட்டி ஓடையை மட்டும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தக் காத்திருப்புக்குத்தான் பணம் கொடுத்தோம் என்பது, முழங்கால் அளவு நீர் எதிர்பார்த்த இடத்தில் கணுக்கால் அளவே இருந்தபோது புரிந்தது.

இரண்டாவது ஆதாயம், வெறும் மணலாகத் தெரிவதைப் படிக்கக் கற்றுக்கொள்வது. காலடியில் முறுக்குப் பிழிந்ததைப் போலச் சுருண்டு கிடக்கும் சிறு குவியல்கள் மணற்புழுக்கள் வெளித்தள்ளியவை. பச்சை நிறமாகப் படர்ந்திருப்பது கடற்புல். குளிர்காலத்தில் வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து இங்கே வந்து சேரும் வெளிர்வயிற்றுப் பிரென்ட் வாத்துகளுக்கு அதுதான் முக்கியமான இரை. தொலைவிலிருந்து யாரோ கூட்டமாக ஒப்பாரி வைப்பதைப் போல ஓர் ஓசை வந்தால் அஞ்ச வேண்டாம். மணல்திட்டில் படுத்திருக்கும் சாம்பல் நிறச் சீல்கள் எழுப்பும் குரல் அது. இப்பகுதி முழுவதும் தேசிய இயற்கைக் காப்பகம் என்பதால், எதை எவ்வளவு நெருங்கலாம் என்பதையும் வழிகாட்டி சொல்லுவார்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இந்த நடை ஒருவழிப் பயணம். தீவில் கால் வைக்கும் நேரத்தில் கடல் திரும்பத் தொடங்கியிருக்கும் என்பதால், அதே வற்றத்தில் மணல்வழி நடந்து திரும்ப முடியாது. உங்கள் காரோ கரையில் நிற்கிறது. பேருந்து, வாடகைக்கார், உடன் வந்தவர் ஒருவர் சாலை வழியாக ஓட்டி வரும் வண்டி ஆகிய மூன்றில் ஒன்றை முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அடுத்து, தேதி. ஓதம் பகல் வெளிச்சத்தில் வசதியாக அமையும் நாள்களில்தான் நடைகள் நடக்கும். உங்கள் சனிக்கிழமையும் கடலின் சனிக்கிழமையும் ஒன்றாக வருவது மாதத்தில் ஓரிரு முறைதான். வானிலையால் நடை கைவிடப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம். விடுதிக்கும் இரயிலுக்கும் கொடுத்தது திரும்பாது. முன்பதிவின்போதே, கைவிடுவது எந்நேரத்தில் தெரிவிக்கப்படும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காலணியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெயில் காலத்தில் வெறுங்காலே சிறந்தது என்பது பலருடைய அனுபவம். சேற்றில் காலணி மாட்டிக்கொண்டால் கால் வரும், காலணி வராது. சிப்பி ஓடுகளுக்கு அஞ்சுபவர்கள் கயிற்றால் இறுகக் கட்டிய பழைய துணிக் காலணியை அணியலாம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சுக்குள் ஒருமுறை நீர் புகுந்துவிட்டால் நடை தண்டனையாகிவிடும். சேலையோ வேட்டியோ உடுத்தி நடப்பது முடியாததல்ல; நன்றாகத் தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும், நனைந்தபின் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணியும் வேண்டும்.

## தனியாக மணல் நடை

தனியாக நடப்பதற்குத் தடையில்லை. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸிலிருந்து தொடங்கி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வரும் செயின்ட் கத்பர்ட் பாதையில் பல நாள் நடந்து வருபவர்கள், கடைசிக் கட்டமாக இந்த மணலைத் தாமாகவே கடக்கிறார்கள். புனித வெள்ளியன்று பெரிய மரச் சிலுவைகளைத் தோளில் சுமந்துகொண்டு கூட்டம் கூட்டமாகக் கடப்பவர்களும் உண்டு. யாருமே அருகில் இல்லாத பரப்பில், காற்றின் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு நடப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. இருபது பேர் குழுவில் அது கிடைக்காது. தனி நடையின் உண்மையான கவர்ச்சி இதுதான்; பணம் மிச்சமாவது இரண்டாம்பட்சம்.

ஆனால் இதைத் தேர்ந்தெடுப்பவர் சில கேள்விகளுக்குத் தயங்காமல் "ஆம்" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அட்டவணையைப் படித்து, நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, அங்கிருந்து இரண்டரை மணி நேரம் பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தைக் குறிக்க முடியுமா? ஓர் எடுத்துக்காட்டு: காலை 7 மணிக்குக் கடல் முழுதாகப் பெருகும் ஒரு நாளில் சாலை 10 மணிக்குத் திறந்து மாலை ஐந்தரைக்குச் சற்று முன் மூடும் என்று கொள்வோம். நடுப்புள்ளி ஒன்றே முக்கால் மணி வாக்கில் வந்தாலும், வற்றத்தின் அடிமட்டம் ஒன்றேகால் வாக்கிலேயே வந்துவிடும்; அதற்குள் சேர்வதே நல்லது. நீங்கள் பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் மணலில் இறங்கி ஒரு மணிக்கு ஊரில் இருக்க வேண்டும். "ஐந்தரை வரை நேரம் இருக்கிறதே" என்று மூன்று மணிக்கு இறங்குபவர், நடுவழியில் நீர் திரும்பி வருவதைப் பார்ப்பார். அலை அலையாக முன்னால் வந்து நின்று எச்சரிக்கும் நீர் அல்ல அது. ஓடைகள் முதலில் நிரம்ப, பக்கவாட்டிலும் பின்னாலும் சத்தமின்றிச் சூழும்.

மூடுபனி இறங்கினால் திரும்பிவிடும் மனவுறுதி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வடகடலின் குளிர்ந்த பனி வெயில் நாளிலும் அரை மணி நேரத்தில் படர்ந்துவிடும். அப்போது அடுத்த கம்பமே தெரியாது. கம்பங்களை விட்டு வடக்கே விலகிச் செல்வதும் ஆகாது. அந்தப் பக்கத்துக் காஸ்விக் மணல்வெளி இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாக இருந்தது, வெடிக்காத குண்டுகளைப் பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் அங்கே நிற்கின்றன. கைப்பேசியை முழுமையாக மின்னேற்றி, நீர் புகாத உறையில் வைத்துக்கொண்டு, ஆபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் பிரிவைக் கேட்க வேண்டும்.

கடற்கரை நடையில் பழக்கமுள்ளவர்கள், இருவராகவோ மூவராகவோ, கோடையில், நல்ல வெளிச்சத்தில் போவதென்றால் எனக்கு மறுப்பில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஓத மணலைக் கடப்பவர் தனியாக இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை வழிகாட்டியோடு போய்விட்டு, அடுத்த முறை தனியாகப் போகலாமே.

## தரைப்பாலத்தின் வழியாகக் கார்

மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றது என்ற செய்தியைப் படித்துப் பழகிய நமக்கு இந்தச் சாலையின் இயல்பு எளிதில் புரியும். ஒரே வேறுபாடு, இது மழை இல்லாமலேயே நாளுக்கு இருமுறை மூழ்கும். சாலையின் தாழ்ந்த பகுதி சவுத் லோ ஓடைப் பாலத்தை ஒட்டி இருக்கிறது. அடைக்கலக் கூண்டு ஒன்று அங்கே நிற்பதற்குக் காரணமும் அதுவே. இரு முனைகளிலும் நேர அட்டவணைப் பலகைகள் இருந்தும், சராசரியாக மாதத்துக்கு ஒரு வண்டியாவது மாட்டிக்கொள்கிறது. "முன்னால் போகிறவர் போகிறாரே" என்பதுதான் பெரும்பாலும் காரணம். சீஹவுசஸ் உயிர்காப்புப் படகின் தன்னார்வலர்கள் வந்து ஆளை மீட்பார்கள், அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. உப்புநீர் புகுந்த இயந்திரத்தைப் பெரும்பாலும் யாராலும் மீட்க முடியாது. காப்பீட்டு ஒப்பந்தத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த எச்சரிக்கையை மதிப்பவருக்குக் கார்தான் அதிக நேரத்தைத் தரும் வழி. சாலை திறந்தவுடன் போனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் தீவில் இருக்கலாம். முழங்கால் வலி உள்ள பெற்றோர், தள்ளுவண்டியில் குழந்தை, மழை பெய்யும் நாள் என்றால் மறுயோசனையே வேண்டாம். செலவு வேறிடத்தில் இருக்கிறது: வருவோர் எல்லோரும் திறந்த உடனே வந்து மூடுவதற்குச் சற்று முன்பு திரும்புவதால், ஊரின் ஓரத்திலுள்ள கட்டண நிறுத்தம் நிரம்பி வழியும், உணவகத்தில் இடம் கிடைக்காது, கோடை வார இறுதியில் தீவே ஒரு திருவிழாக் கூட்டமாகத் தெரியும். மடம் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பிடமும் கோட்டை நேஷனல் டிரஸ்ட்டிடமும் இருப்பதால், ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதில் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கூட்டத்தைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: சாலை மூடும் நேரத்துக்கு முன்பே வந்து, மூடியிருக்கும் ஐந்து மணி நேரமும் தீவிலேயே இருந்து, அடுத்த திறப்பில் திரும்புவது. பகல்நேர வண்டிகள் எல்லாம் போய்விட்ட அந்த ஐந்து மணி நேரத்தில்தான் தீவு தீவாக இருக்கிறது.

## பேருந்து

இலண்டன்–எடின்பரோ இரயில் தடத்திலுள்ள பெர்விக்-அப்பான்-ட்வீடிலிருந்து தீவுக்குப் பேருந்து உண்டு. அதன் நேரமும் ஓதத்தைப் பார்த்தே அமைவதால் நாளுக்கு நாள் மாறும். ஓடாத நாள்களும் உண்டு, குளிர்காலத்தில் சேவை மெலிந்துவிடும். தனியாக ஒரு தேர்வு என்பதைவிட, நடந்து போனவர் திரும்பி வருவதற்கான வண்டி என்ற அளவில்தான் இதன் பெருமை.

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

நடக்க முடிந்தவர்களுக்கு என் பரிந்துரை இரண்டு வழிகளின் கலவை: போகும்போது வழிகாட்டியுடன் மணல் நடை, திரும்பும்போது சாலை. அதற்கு அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து மூன்று நான்கு நாள்களுக்குள் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால், காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் நடந்து முடித்துவிட்டு, சாலை மூடும் வரை மூன்று மணி நேரமாவது தீவில் கிடைக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் மடம், கோட்டை இரண்டையும் முழுமையாகப் பார்க்க முயல வேண்டாம். நடந்து வந்த களைப்போடு மடத்தின் இடிபாடுகளையும், காற்றில் இன்னும் நிற்கும் அந்த ஒற்றை வில்வளைவையும் பார்த்துவிட்டுத் துறைமுகப் பக்கம் போனால், கவிழ்த்துப் போட்ட பழைய மீன்பிடிப் படகுகளைக் கொட்டகைகளாக்கி வைத்திருப்பதைக் காணலாம். கோட்டை அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.

குடும்பத்தில் நடப்பவர்களும் நடக்க முடியாதவர்களும் கலந்திருந்தால், பிரிந்து போவதே எளிது. வண்டி ஓட்டுபவர் அம்மாவையும் சிறுபிள்ளைகளையும் காரில் அழைத்துக்கொண்டு சாலை திறந்ததும் தீவுக்குப் போகட்டும். மற்றவர்கள் மணலில் வரட்டும். எல்லோரும் ஒன்றாகக் காரில் திரும்பலாம். திரும்பும் வண்டியைப் பற்றிய கவலையும் இதனால் தீர்ந்துவிடுகிறது. சிறுவர்களை நடையில் சேர்ப்பதென்றால், குறைந்தபட்ச வயது என்ன என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்க வேண்டும். கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி விளையாடும் பிள்ளையும், குளிர்ந்த சேற்றில் நான்காவது கிலோமீட்டரில் தோளில் ஏறிக்கொள்ளும்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வருபவர்களுக்கு என் விடை வேறு. பகல் குறுகியது, நீர் உறையவைக்கும், காற்று கொடியது, காரில் போங்கள். அதற்கு ஈடாக, வாத்துக் கூட்டங்களைக் காண்பதற்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. அவற்றைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் நின்றே பார்க்கலாம்.

இரவு தங்க முடிந்தால் மேலே சொன்ன கணக்குகளில் பாதி தேவையற்றுப் போகும். அஷ்டமி நாளில் பிற்பகல் நடந்து போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை மடமும் கோட்டையும் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம். தங்குமிடங்கள் மிகச் சிலவே, விலையும் கூடுதல், கோடைக்குப் பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். ஆகவே முன்பதிவின் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது: முதலில் அட்டவணையில் தேதி, பிறகு வழிகாட்டியிடம் இடம், பிறகு தீவில் அறை, இரயில் சீட்டு கடைசியில்.